விதையே இல்லாத திராட்சை எப்படிப் பெருகுகிறது?



தாவர இனப்பெருக்கம் பாடம் நடத்திக்கொண்டிருப்பீர்கள். விதை, முளை, கன்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும். "டீச்சர், விதையில்லாத் திராட்சையில விதையே இல்லையே, அப்புறம் அது எப்படி முளைக்குது?"

நல்ல கேள்விதான். "தண்டை வெட்டி நடுவாங்க" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். பதில் சரியானதே. ஆனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய 11,000 ஆண்டு வரலாறு இருக்கிறது. மனிதன் தனக்குப் பிடித்ததையே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து ஒரு கொடியின் மரபணுவை மாற்றிய வரலாறு அது. அதற்காக அவன் கொடுத்த விலையும் அதில் இருக்கிறது. மரபு, மாறுபாடு, உயிரினப் பன்மை ஆகிய மூன்று பாடத்துக்கும் இந்த ஒரே எடுத்துக்காட்டு உங்களுக்குக் கைகொடுக்கும். இறுதியில் வகுப்பில் செய்துபார்க்க மூன்று நடவடிக்கைகளும் தந்திருக்கிறோம்.

காட்டில் அது எப்படி இருந்தது?

நாம் சாப்பிடும் திராட்சையின் அறிவியல் பெயர் விட்டிஸ் வினிஃபெரா. இதன் காட்டு வகை ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் ஆற்றோரக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறி இன்றும் வளர்கிறது. கடையில் வாங்கும் பழத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதைத் தேடிப் போனால் ஏமாந்துதான் போவோம். பழம் சின்னது, கறுப்பு நிறம், புளிப்பு அதிகம், சதையைவிட விதைதான் வாயில் தட்டுப்படும். பறவைக்கு அது போதும். பறவை தின்று வேறிடத்தில் எச்சமிட்டால் கொடியின் வேலை முடிந்தது.

இன்னொரு முக்கிய வேறுபாடும் உண்டு. காட்டுத் திராட்சையில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. மாணவர்களிடம் "நம்ம பப்பாளி மாதிரி" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஆண் கொடி பூக்கும், ஆனால் காய்க்காது. பெண் கொடி காய்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஆண் கொடி இருந்தாக வேண்டும்.

முதல் தேர்வு: ஆணும் பெண்ணும் ஒரே பூவில்

அபூர்வமாக, ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒரே பூவில் அமைந்த கொடி ஒன்று தோன்றும். திராட்சையின் 19 சோடிக் குரோமோசோம்களில் 2ஆம் குரோமோசோமில் பூவின் பாலைத் தீர்மானிக்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அந்த இடத்தில் ஆண் வடிவமும் பெண் வடிவமும் கலந்ததால்தான் இருபால் பூ வந்தது.

பழம் பறிக்க வந்த மனிதனுக்கு மரபணு தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: "இந்தக் கொடி தனியா நின்னாலும் காய்க்குது." அவன் அந்தக் கொடியை வளர்த்தான், காய்க்காத ஆண் கொடியை வெட்டிப் போட்டான். இப்படிப் பல தலைமுறை நடந்ததில், இன்று உலகத் தோட்டங்களில் உள்ள திராட்சை வகைகளில் மிகப் பெரும்பாலானவை இருபால் பூ கொண்டவை.

இது எங்கே, எப்போது தொடங்கியது? 2023இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 3,500க்கும் மேற்பட்ட கொடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டது. மேற்காசியாவிலும் காக்கசஸ் மலைப் பகுதியிலும், ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பு, தனித்தனியாக இரண்டு இடங்களில் மனிதர் திராட்சையைப் பழக்கப்படுத்தினர் என்பது அதன் முடிவு. காக்கசஸ் பகுதியில் உள்ள ஜார்ஜியா நாட்டில் கிடைத்த சுமார் 8,000 ஆண்டுப் பழைய மண்சாடிகளில் திராட்சை மதுவின் வேதித் தடயங்கள் இருப்பதை 2017இல் கண்டறிந்தனர். பக்கத்து நாடான ஆர்மீனியாவில் அரெனி குகையில் சுமார் 6,100 ஆண்டுப் பழைய மது தயாரிப்பிடமே கிடைத்தது.

புதைபொருளில் கிடைக்கும் விதை காட்டு விதையா, தோட்டத்து விதையா என்று எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? வடிவத்தை வைத்துத்தான். காட்டு விதை உருண்டையாக, மூக்கு குட்டையாக இருக்கும். தோட்டத்து விதை நீளமாக, மூக்கு நீண்டு இருக்கும். மனிதன் பழத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். கூடவே விதையின் வடிவமும் மாறிப்போனது.

கறுப்பு எப்படிப் பச்சையானது?

காட்டுத் திராட்சை கறுப்பு என்று பார்த்தோம். அப்படியானால், நாம் வாங்கும் பச்சைத் திராட்சை எங்கிருந்து வந்தது?

பழத்தோலுக்குக் கருநீல நிறம் கொடுப்பது அந்தோசயனின் என்ற நிறமி. அதைத் தயாரிக்கும்படி கட்டளையிடும் இரண்டு மரபணுக்கள் 2ஆம் குரோமோசோமிலேயே அடுத்தடுத்து இருக்கின்றன. வீட்டில் ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்ச் இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றொன்றைப் போட்டால் விளக்கு எரியும். பச்சைத் திராட்சையில் இரண்டுமே கெட்டுவிட்டன. முதல் மரபணுவின் முன்பகுதியில் ஒரு 'தாவும் மரபணு' வந்து செருகிக்கொண்டது. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது மரபணுவில் எழுத்துப் பிழை விழுந்தது.

காட்டில் இப்படி ஒரு கொடி தோன்றினால் அது பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போயிருக்கும். மனிதன் கண்ணில் பட்டதால் அது பிழைத்தது. "வித்தியாசமா இருக்கே" என்று அவன் எடுத்து வளர்த்தான். உலகத்தில் உள்ள பச்சை, வெள்ளைத் திராட்சைகளில் பெரும்பாலானவற்றில் இதே பிழை இருக்கிறது. அதாவது, ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் காப்பாற்றிய அந்தப் பிழைதான் இன்று உங்கள் ஊர்ச் சந்தை வரை வந்திருக்கிறது.

விதை எங்கே போனது?

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம்.

விதையில்லாத் திராட்சையில் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது, கருவுறுதலும் நடக்கிறது, விதை உருவாகவும் தொடங்குகிறது. பாதி வழியில் அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். பழத்தைக் குறுக்கே வெட்டி உற்றுப் பாருங்கள், மெல்லிய வெண்மையான ஒரு சிறு தடம் தெரியும். அதுதான் விதையாக வேண்டியது. விதையின் கடினமான தோலை உருவாக்க உதவும் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது.

தீபாவளிப் பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடுகிறோமே, அந்த உலர் திராட்சையில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்துப் பழம்தான். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் 'கிஷ்மிஷ்' என்பார்கள். துருக்கியில் 'சுல்தானா'. 19ஆம் நூற்றாண்டில் கலிஃபோர்னியாவில் வில்லியம் தாம்சன் என்பவர் பயிரிட்டுப் பரப்பியதால் அங்கே 'தாம்சன் சீட்லெஸ்'. பெயர்தான் வேறு, கொடி ஒன்று.

விதை இல்லாததால் இன்னொரு சிக்கலும் வருகிறது. பழத்தைப் பெரிதாக வளரச் சொல்லும் ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சிப் பொருளை விதைதான் தருகிறது. விதை இல்லையென்றால் பழம் சிறுத்துவிடும். அதனால், தோட்டக்காரர்கள் அதே பொருளை மருந்தாகத் தெளித்துப் பழத்தைப் பெரிதாக்குகிறார்கள். விதையில்லாத இரண்டு வகைகளைக் கலந்து புதுவகை உருவாக்க வேண்டுமென்றால், விதை வளர்ச்சி நிற்பதற்குள் அந்தச் சிறு கருவை வெளியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் ஊட்டி வளர்க்க வேண்டும். தானாகச் செய்துகொண்டிருந்த வேலையை அந்தக் கொடி மறந்துவிட்டது. இப்போது மனிதன் உடன் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெட்டி நட்டால் அதே கொடி

விதையுள்ள திராட்சையைக்கூட விவசாயிகள் விதை போட்டு வளர்ப்பதில்லை. ஏன்? ஒரு நல்ல கொடியின் பத்து விதைகளை நட்டால் பத்து விதமான கொடி வரும். ஒன்று புளிக்கும், ஒன்று காய்க்காது, ஒன்று நிறம் மாறும். பெற்றோரின் மரபணு ஒவ்வொரு விதையிலும் வேறு மாதிரி கலைந்து சேர்வதே காரணம். நம் வகுப்பில் உடன்பிறந்தவர்கள் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்?

தண்டை வெட்டி நட்டால் இந்தக் கவலை இல்லை. வருவது அதே கொடி. 'வாழையடி வாழையாக' என்று சொல்கிறோமே, மரபணு வழியில் பார்த்தால் அது உண்மையிலேயே பொருந்தும். வாழைக் கன்றும் தாய் வாழையின் நகல்தான்.

இப்படி எத்தனை காலம் ஒரே கொடியை நகல் எடுக்க முடியும்? 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரான்சில் தோண்டியெடுத்த 28 பழைய திராட்சை விதைகளின் டி.என்.ஏ.வைப் பரிசோதித்தார்கள். ஆர்லியான் நகரில் கிடைத்த சுமார் 900 ஆண்டுப் பழைய விதை ஒன்று, இன்றும் பயிரிடப்படும் 'சவன்யான் பிளாங்' என்ற வகையோடு அச்சாக ஒத்துப்போனது. அந்த விதை உருவானது சோழர்கள் ஆண்ட காலம். அன்றைய கொடியேதான், கைமாறிக் கைமாறி இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

நகல் எடுக்கும்போதும் எப்போதாவது சிறு மாற்றம் வருவதுண்டு. 'பினோ நுவார்' என்ற கறுப்பு வகையின் கிளையில் சாம்பல் நிறப் பழம் காய்த்தது. அது 'பினோ கிரி' ஆனது. வெள்ளையாகக் காய்த்தது 'பினோ பிளாங்' ஆனது. ஆனால், வேண்டாத மாற்றங்களும் இப்படியே சத்தமில்லாமல் சேர்கின்றன. விதை வழியாகப் பெருகும் செடியில் ஒவ்வொரு தலைமுறையிலும் பலவீனமானவை கழிந்துபோகும். நகல் வழியில் அந்தக் கழிவு நடப்பதே இல்லை.

நெருங்கிய சொந்தம்

1997இல் கலிஃபோர்னியாவில் ஜான் பவர்ஸ், கேரல் மெரிடித் ஆகிய இருவர் ஒரு புகழ்பெற்ற திராட்சையின் பெற்றோரைக் கண்டுபிடித்தனர். சிவப்பு மதுவுக்குப் பேர்போன 'கேபர்னே சோவின்யோன்' வகைக்குப் பெற்றோர் 'கேபர்னே ஃபிராங்' என்ற கறுப்புத் திராட்சையும் 'சோவின்யோன் பிளாங்' என்ற வெள்ளைத் திராட்சையும். பெயரிலேயே இருந்தும் அதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

1999இல் வந்த அடுத்த ஆய்வுதான் மாணவர்களிடம் சொல்லவேண்டியது. பிரான்சின் வடகிழக்கில் பயிராகும் 16 வகைகள், புகழ்பெற்ற 'ஷார்டொனே' உட்பட, ஒரே சோடியின் பிள்ளைகள் என்று தெரிந்தது. ஒரு பக்கம் மதிப்புமிக்க பினோ. மறுபக்கம் 'குவே பிளாங்' என்ற, மட்டமானது என்று பிரான்சில் ஒதுக்கப்பட்ட, சில இடங்களில் தடையே விதிக்கப்பட்ட கொடி. தரம் பார்த்து அதை ஒழித்துக் கட்டியிருந்தால் அந்தப் பதினாறும் பிறந்திருக்காது.

நமக்குத் தெரிந்த பழத்துக்கும் இப்படிப் பெற்றோர் உண்டு. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது 'மஸ்கட் ஹாம்பர்க்' வகையைச் சேர்ந்தது. அதன் பெற்றோர் 'ஸ்கியாவா கிரோசா', 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா' என்ற இரண்டு பழைய ஐரோப்பிய வகைகள். இதில் ஸ்கியாவா கிரோசாவின் நகல் ஒன்று லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நடப்பட்டு இன்றும் காய்க்கிறது.

2011இல் அமெரிக்க வேளாண் துறையின் சேகரிப்பிலிருந்த ஏறத்தாழ 1,000 கொடிகளை ஆராய்ந்தபோது, பயிர்வகைகளில் முக்கால்வாசிக்குக் குறைந்தது இன்னொரு வகையாவது பெற்றோராக, பிள்ளையாக அல்லது உடன்பிறப்பாக இருந்தது. ஆயிரக்கணக்கான பெயர்கள் இருந்தும், பெரும்பாலும் ஒரே குடும்பத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

கப்பலில் வந்த பூச்சி

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். 1860களில் பிரான்சுக்கு அதன் விடை கிடைத்தது.

தென் பிரான்சில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் வாடின. 1868இல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் அவருடைய குழுவினரும் வேரைத் தோண்டிப் பார்த்தபோது, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மஞ்சள் பூச்சிகள் வேரில் அப்பிக்கிடந்தன. அதன் பெயர் பிலாக்சரா. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு கப்பலேறி வந்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் அந்தப் பூச்சியோடு காலங்காலமாக வாழ்ந்து தாங்கும் திறனைப் பெற்றிருந்தன. ஐரோப்பியக் கொடி அதைப் பார்த்ததே இல்லை. தோட்டம் முழுக்க நகல் என்பதால், ஒன்றுக்கு எதிர்ப்பு இல்லையென்றால் எதற்குமே இல்லை.

தோட்டங்களை நீரில் மூழ்கடித்தார்கள். மண்ணுக்குள் நச்சு மருந்தைச் செலுத்தினார்கள். 1875இல் சுமார் 840 கோடி லிட்டராக இருந்த பிரான்சின் மது உற்பத்தி 1889இல் சுமார் 230 கோடி லிட்டராகச் சரிந்தது. எத்தனை விவசாயக் குடும்பங்கள் பிழைப்பை இழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தீர்வு வந்தது அமெரிக்கக் காட்டிலிருந்து. பழத்துக்கு ஆகாது என்று யாரும் மதிக்காத அமெரிக்கக் காட்டுக் கொடிகளை வேர்ச்செடியாக வைத்து, மேலே ஐரோப்பியத் தண்டை ஒட்டுக் கட்டினார்கள். கீழே அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுப் பழம். உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் இன்றும் இந்த முறையில்தான் நிற்கின்றன.

பாடம் கற்றுக்கொண்டோமா? முழுசா இல்லை. கலிஃபோர்னியாவில் பல தோட்டங்களை 'ஏ.எக்ஸ்.ஆர். 1' என்ற ஒரே வேர்ச்செடியின் மேல் நட்டார்கள். அதன் பெற்றோரில் ஒன்று ஐரோப்பிய வகை, எதிர்ப்பு அரைகுறை. 1980களில் அதே பூச்சி அந்தத் தோட்டங்களை வீழ்த்தியது. பெரும் செலவில் பிடுங்கிவிட்டு மறுபடி நட வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு இதில் என்ன?

மலேசியாவில் திராட்சை முக்கியப் பயிர் இல்லை. ஆனால், இதே கதை நம் தோட்டப்புறத்திலும் உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. மலாயாவின் ரப்பர் காடுகள் அந்தச் சிறு கையளவிலிருந்து பெருகியவை. பின்னர், நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை ஒட்டுக் கட்டி 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' போன்ற வகைகளைத் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். உங்கள் மாணவரின் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டியவர்கள் என்றால், 'ஒட்டு மரம்' என்ற சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தென் அமெரிக்க இலைக் கருகல் நோய் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று அதிகாரிகள் அஞ்சுவதற்கும் காரணம் இந்த ஒரே மாதிரித்தன்மைதான். வாழையில் அது நடந்தே விட்டது. 1990களில் மலேசியாவின் கேவண்டிஷ் வாழைத் தோட்டங்களைப் பனாமா வாடல் நோயின் புதிய வகை தாக்கியது.

அதனால்தான் பழைய, விற்காத, பெயர் மறந்துபோன வகைகளைச் சிலர் பாதுகாக்கிறார்கள். தென் பிரான்சின் கடலோரத்தில் வசால் என்ற இடத்தில், மணலில், உலகின் பல நாடுகளிலிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான திராட்சைக் கொடிகள் வளர்க்கப்பட்டன. மணலில் பிலாக்சரா வாழாது என்பதால் அந்த இடம். சாம்பல் நோயைத் தாங்கும் புதுவகை வேண்டும், வெயிலைத் தாங்கும் வகை வேண்டும் என்று இன்று தேடுபவர்கள் இத்தகைய சேகரிப்புகளுக்குத்தான் வருகிறார்கள். 2021இல் பிரான்சின் போர்டோ பகுதி, பருவநிலை மாற்றத்தை எண்ணி ஆறு புதிய வகைகளைச் சோதனையாக நட அனுமதி கொடுத்தது. பெயரும் மரபும் மாறவே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் ஊர் அது.

வகுப்பில் செய்துபார்க்க

1. விதையுள்ள திராட்சை, விதையில்லாத் திராட்சை இரண்டையும் குறுக்கே வெட்டி, உருப்பெருக்காடியில் பார்க்கச் சொல்லுங்கள். விதையின் தடத்தைக் கண்டுபிடித்து வரையட்டும். 'விதை இல்லை', 'விதை வளரவில்லை' என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தங்கள் சொந்தச் சொற்களில் எழுதட்டும்.

2. பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியின் ஒரே செடியிலிருந்து ஐந்து தண்டு வெட்டி நடுங்கள். பூக்கும்போது ஐந்தின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு இந்தக் கேள்வியைப் போடுங்கள்: "இந்த அஞ்சுல ஒண்ணுக்கு நோய் வந்தா, மத்த நாலுக்கும் என்ன ஆகும்? ஏன்?"

3. சொல் தேடல். திராட்சைக்குத் தமிழில் 'கொடிமுந்திரி' என்ற பெயரும் உண்டு. மலையாளத்தில் இன்றும் 'முந்திரி' என்றால் திராட்சைதான். நாம் முந்திரி என்று எதைச் சொல்கிறோம்? தென் அமெரிக்காவிலிருந்து வந்த கொட்டைக்கு இந்தப் பெயர் எப்படி வந்திருக்கும்? குழுவாகப் பேசி, அகராதி பார்த்து, ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அறிவியல் பாடத்திலிருந்து மொழிப் பாடத்துக்குச் சுலபமாக வந்துவிடலாம்.

அடுத்த முறை பின்வரிசையிலிருந்து அந்தக் கை உயர்ந்தால், "தண்டை வெட்டி நடுவாங்க" என்று சொல்லிவிட்டு, "அப்படி நட்டா என்ன லாபம், என்ன நட்டம்?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். மீதிப் பாடத்தை மாணவர்களே நடத்திவிடுவார்கள்.